எந்தப் படத்துப் பாட்டு தம்பி?

எங்கள் தெருவில் பங்குனிப் பொங்கல் என்றால் மூன்றாம் நாள் ராத்திரி கச்சேரி. கச்சேரி என்றதும் தம்புராவை நினைத்துவிடாதீர்கள். கீபோர்டு, பேடு, டிரம்ஸ், டி.எம்.எஸ். குரலுக்கு ஒருத்தர், எஸ்.பி.பி. குரலுக்கு ஒருத்தர், ஜானகியம்மா பாட்டெல்லாம் பாட ஒரு அக்கா. பதினோரு மணி வாக்கில் அந்த அக்கா டீ குடிக்க இறங்கினார். அந்த நேரத்தில் ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கி, என் அக்கா மகன் கிட்டாரோடு மேடையேறினான்.

சொந்தப் பாட்டு. வார்த்தையும் அவனுடையது, மெட்டும் அவனுடையது. தண்ணி லாரி வரும் நாளில் தெருவில் வரிசை கட்டி நிற்கிற குடங்களைப் பற்றிய பாட்டு. ஆள் வீட்டுக்குள் வேலையாக இருப்பார், அவருக்குப் பதிலாகக் குடம் நிற்கும். கழுத்து நெளிந்த சிவப்புக் குடம் டீக்கடைக்காரருடையது, பாதி சாயம் போன பச்சைக் குடம் மேலத்தெருக் கிழவியுடையது என்று குடத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிக்கொண்டு போகும். மூன்று நிமிஷத்துக்கும் குறைவு. கூட்டம் ஊளையிடவில்லை, விசிலும் அடிக்கவில்லை. முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்களில் இரண்டு பேர் மட்டும் ஒருத்தரையொருத்தர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கீழே இறங்கியதும் ரேடியோ செட் அண்ணன் கூப்பிட்டார்.

"நல்லாருந்துச்சு தம்பி. எந்தப் படம்?"

"படம் இல்லண்ணே. நானா எழுதுனது."

"அது சரிப்பா. எந்தப் படத்துல வருது?"

பயலுக்கு முகம் சுண்டிவிட்டது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு 15 கிலோமீட்டர் சொச்சம். அந்த ராத்திரியில் பைக்கில் என் பின்னால் கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தவன், பாதி வழியில்தான் வாயைத் திறந்தான்.

"மாமா, இந்த ஊர்ல படத்துல வந்தாத்தான் பாட்டா?"

அப்போது எனக்குப் பதில் வரவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆறு மாசம் கழித்து இப்போது எழுதுகிறேன். மாப்ள, இது உனக்கு. மற்றவர்களும் படிக்கலாம்.

முதலில் பயலைப் பற்றிக் கொஞ்சம். வயது 23. டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு நூற்பாலையில் தரச்சோதனைப் பிரிவில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். கிட்டார் பழசு, கல்லூரி சீனியரிடம் வாங்கியது. கரண்ட் வேண்டாத மரக் கிட்டார்தான், இங்கிலீஷில் அக்கூஸ்டிக் என்கிறார்களே அது. வாத்தியார் யாரும் கிடையாது. யூடியூபைப் பார்த்து விரல் தேய்த்தான். கம்பி அறுந்தால் மதுரைக்கு பஸ் ஏற வேண்டும். ஒரு செட் கம்பியின் விலையைவிட அதை வாங்கப் போய்வரும் அரை நாள்தான் அவனுக்குப் பெரிய செலவு.

இந்தக் கரிசல் வெயிலில் மரக் கிட்டாரை வைத்துக் காப்பாற்றுவது லேசில்லை. சித்திரை வைகாசியில் காற்றில் ஈரமே இருக்காது. மரம் காய்ந்து சுருங்கும். மேல்பலகை உள்வாங்கும், சுருதி நிற்காது, கழுத்தின் ஓரத்தில் ஃப்ரெட் முனைகள் துருத்திக்கொண்டு விரலைக் கீறும். இதற்கு வைத்தியத்தை அவன் ஆலையில் கற்றான். பஞ்சு காய்ந்தால் நூல் அறும். அதனால் நூற்பாலைக்குள் காற்றில் ஈரப்பதத்தைக் கணக்குப் பார்த்து வைத்திருப்பார்கள். அதே கணக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தான். சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, ஈர ஸ்பாஞ்சை அதில் வைத்து, கிட்டார் பெட்டிக்குள் போட்டுவைக்கிறான். அவன் அம்மாச்சி, அதாவது எங்கள் அம்மா, இதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டது: "மனுசருக்கே லாரியில தண்ணி வருது. இந்தக் கட்டைக்கு வேற தண்ணியா?"

குடத்துப் பாட்டு பிறந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

சரி, கேள்விக்கு வருவோம். எந்தப் படம்?

ரேடியோ செட் அண்ணன் மேல் தப்பில்லை. 1977 தேர்தலில் எம்.ஜி.ஆர். நின்று ஜெயித்து முதலமைச்சர் ஆனது எங்கள் அருப்புக்கோட்டைத் தொகுதியிலிருந்துதான். சினிமாவுக்கு இதயத்தில் இடம் கொடுத்த ஊர்கள் தமிழ்நாட்டில் ஆயிரம் இருக்கும், நாங்கள் சட்டசபையிலேயே இடம் கொடுத்தோம். இங்கே தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, சாமி பாட்டு தவிர மற்றதெல்லாம் படத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று மூன்று தலைமுறைக் காது பழகிவிட்டது. ஆனால் அதற்கு முன்னால்? அதைத் தேடிப் போனபோதுதான் எங்கள் ஊர் எனக்கே புதுசாகத் தெரிந்தது.

திருச்சுழியில் குண்டாற்றுக் கரையில் பூமிநாதர் கோயில் இருக்கிறது. பயல் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். சுந்தரர் வந்து பாடிய தலம், ஏழாம் திருமுறையில் 82ஆம் பதிகம். சுந்தரரை நாம் நாயன்மார் என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வேலையை மட்டும் பாருங்கள். சொந்தமாக எழுதுகிறார், பண் அமைத்துப் பாடுகிறார், ஊர் ஊராகப் போகிறார். பதினெட்டு வயசுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று சைவ மரபு சொல்கிறது. என் மருமகனைவிட ஐந்து வயது சின்னவர்! பாடியதற்குக் கூலியும் கூச்சமில்லாமல் கேட்பார். திருமுதுகுன்றத்தில் பன்னீராயிரம் பொன் வாங்கினார், குண்டையூரில் நெல் வாங்கி, அதைத் தூக்கிப் போக ஆளும் கேட்டார். சாமியிடமே சம்பளப் பாக்கி கேட்ட பாட்டுக்காரர் அவர்.

திருச்சுழியில் தங்கியிருந்த ராத்திரி சுந்தரருக்கு ஒரு கனவு வந்ததாகப் பெரியபுராணம் சொல்லும். காளை வயதுப் பிள்ளையாக, கையில் செண்டோடு இறைவன் வந்து, நாம் இருப்பது கானப்பேர் என்று சொல்லிவிட்டு மறைந்தார். கானப்பேர் என்றால் இன்றைய காளையார்கோவில். மறுநாள் சுந்தரர் அங்கே கிளம்பிவிட்டார். அங்கேயும் ஒரு பதிகம். ஒரு ஊரில் கச்சேரி முடியும்போதே அடுத்த ஊருக்கு அழைப்பு!

எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. அவர் பதிகம் ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயர் இருக்கும். கடைசிப் பாட்டுக்கு வந்தால் பாடியவர் பெயரும் இருக்கும். ஆரூரன் என்றோ ஊரன் என்றோ நாவலூரன் என்றோ கையெழுத்துப் போட்டுவிடுவார். ஓலை கிழிந்தாலும், பாடுகிறவன் மாறினாலும், பாட்டை யாரும் அநாதை ஆக்க முடியாது. விலாசம் உள்ளேயே எழுதியிருக்கிறது.

அதே திருச்சுழியில் 1879 டிசம்பர் 30ஆம் தேதி இன்னொரு பிள்ளை பிறந்தது. அப்பா அங்கே வக்கீல். வேங்கடராமன் என்ற அந்தப் பையன்தான் பிறகு ரமண மகரிஷி. பிறந்த வீடு சுந்தர மந்திரம் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. 1896இல் திருவண்ணாமலைக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. அவர் எழுதிய அட்சரமணமாலை 108 கண்ணிகள் கொண்டது. அது எதற்கு எழுதப்பட்டது தெரியுமா? விருபாட்ச குகையிலிருந்து ஊருக்குள் பிச்சைக்குப் போகும் அடியார்கள், போகும்போது பாடிக்கொண்டு போகப் புதுசாக ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள். அந்தப் பாட்டுக் கேட்டால், ரமணர் ஆட்கள் வருகிறார்கள் என்று வீடுகளுக்குத் தெரிந்துவிடும். ஞானத்தின் கொடுமுடி என்று பெரியவர்கள் சொல்லும் பாட்டு. தெருவில் அது பார்த்த வேலை, சோற்றுக்கு அடையாளம் சொன்னது.

இரண்டு திருச்சுழிக் கதைகளிலும் பாட்டுக்கு ஒரு விலாசமும் ஒரு வேலையும் இருந்தன. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் "எந்தப் படம்?" என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "எந்த நாடகம்?" என்றுதான் கேட்டிருப்பார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி தாண்டித் தெற்கே போனால் நாகலாபுரம் வரும். அந்த ஊரில் 1892இல் பிறந்தவர் மதுரகவி பாஸ்கரதாஸ். சொந்தப் பெயர் வெள்ளைச்சாமி. நாடகங்களுக்குப் பாட்டெழுதினார். மேடையில் வள்ளி திருமணமோ பவளக்கொடியோ நடந்துகொண்டிருக்கும், பாட்டில் மட்டும் வெள்ளைக்காரனுக்குச் சூடு விழும். அந்தப் பாட்டுகளைப் பாடிப் பாடியே ஜெயிலுக்குப் போனவர் சிவகாசியில் 1886இல் பிறந்த விசுவநாததாஸ். முருகன் வேஷத்தில் நின்றுகொண்டு கொக்கை விரட்டுவதுபோல் வெள்ளையனை விரட்டுவார். போலீஸ் மேடைக்குக் கீழே காத்திருக்கும். 29 முறை கைதானார் என்பார்கள். பிறந்த சாதியைச் சொல்லி அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் உண்டு. அதையும் தாண்டித்தான் பாடினார். 1940 டிசம்பர் 31 ராத்திரி, சென்னையில், மயில் மேல் உட்கார்ந்து முருகனாகப் பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது.

பாஸ்கரதாஸ் கதையில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. 1931 அக்டோபரில் தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' வந்தது. அதில் பாட்டு யாருடையது? நம்ம பாஸ்கரதாஸுடையதுதான். வடமொழிக் கவியைப் பற்றிய படத்தின் நடுவில் காந்தியின் கைராட்டினத்தைப் பற்றி ஒரு பாட்டு வருகிறது. கதைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஜனங்களுக்குப் பிடித்திருந்தது, போட்டுவிட்டார்கள். இதை நன்றாகக் கவனி மாப்ள. பாட்டு படத்திலிருந்து ஊருக்கு வரவில்லை. தமிழ் சினிமா பேசத் தொடங்கிய அன்றைக்கு, பாட்டு ஊர் மேடையிலிருந்து படத்துக்குப் போனது. போனது போனதுதான். பிறகு வாடகைக்கு வந்தவனே சொந்தக்காரன் ஆன கதையாகிவிட்டது.

பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகளை அவருடைய பேரன் ச. முருகபூபதி தொகுத்திருக்கிறார். பாட்டை நம்பிப் பிழைக்க நினைக்கும் எவனும் ஒரு தடவை புரட்ட வேண்டும். பாட்டுக்காரன் வாழ்க்கையில் பாடும் நேரம் கொஞ்சம், அலையும் நேரம்தான் அதிகம் என்பது விளங்கும்.

அடுத்து எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் நாம் பின்பாதியை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பண்ணைப்புரத்து இளையராஜா. அவருக்கு முன்னால் அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் இருந்தார். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் சொந்தப் பாட்டுப் பாடியவர். ஜனங்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டையும் எடுத்துக்கொள்வார், உள்ளே தன் வார்த்தையை வைத்துவிடுவார். 1958இல் கேரளத்தில் தேவிகுளம் இடைத்தேர்தல். தோட்டத் தொழிலாளர் பாதிக்கு மேல் தமிழர்கள். பாவலர் பாட்டு அங்கே செய்த வேலையை அன்றைய முதலமைச்சர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடே பாராட்டினார் என்பார்கள். பதினாலு பதினைந்து வயது ராஜா ஆர்மோனியத்தோடு அண்ணன் பின்னால் போனது அந்தக் காலத்தில்தான். பத்து வருஷம் ஊர் ஊராக அலைந்த பிறகு, 1968 வாக்கில் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பினார்கள். அம்மா சின்னத்தாய் வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்றுப் பணம் கொடுத்தனுப்பினார். தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை, அடுத்தவர் பாட்டுக்குக் கிட்டார் வாசிப்பு. 'அன்னக்கிளி' வந்தது 1976இல்.

கணக்குப் போடுங்கள். அண்ணனோடு கிளம்பியதிலிருந்து முதல் படம் வரை சுமார் பதினெட்டு வருஷம். அதில் முதல் பத்து வருஷம் மைக் சரியில்லாத மேடையில், பீடி பிடித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்துக்கு முன்னால். எந்த மெட்டுக்குக் கூட்டம் திரும்பிப் பார்க்கும், எந்த இடத்தில் எழுந்து டீக்கடைக்குப் போகும் என்பதையெல்லாம் அந்தப் பத்து வருஷம்தான் கற்றுக் கொடுத்திருக்கும். அந்தப் பங்குனி ராத்திரி உனக்கு மேடையில் கிடைத்தது எவ்வளவு நேரம்? ஐந்து நிமிஷம்.

இந்தக் காலத்துக்கு வா என்கிறாயா? வருகிறேன்.

நீ ராத்திரி ஷிஃப்டில் கேட்கிறாயே பிரதீக் குஹாட், ஜெய்ப்பூர்க்காரர், அவரை எடுத்துக்கொள். கிட்டார் தானாகக் கற்றது. நியூயார்க்கில் கணக்கும் பொருளாதாரமும் படித்தார், கொஞ்ச நாள் வேலையும் பார்த்தார், பிறகு டெல்லிக்குத் திரும்பினார். 2013இல் 'ராத் ராஸி' என்று ஒரு சின்ன இந்தித் தொகுப்பு. 2015இல் முழு ஆல்பம். 'கோல்ட் மெஸ்' பாட்டை 2019இல் ஒபாமா தனக்குப் பிடித்த பாட்டுகளின் பட்டியலில் சேர்த்தபோதுதான் பலருக்கு அவர் பெயர் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு நீ பெருமூச்சு விடுவாய். அவருக்கு டெல்லி கிடைத்தது, உட்கார்ந்து கேட்கப் பழகிய கூட்டம் கிடைத்தது, உனக்குக் குண்டாற்று மணல்கூட மிச்சமில்லை என்பாய். உண்மைதான். அந்த வழி உனக்கு அப்படியே பொருந்தாது. அவரிடமிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தச் சின்னத் தொகுப்பிலிருந்து ஒபாமா பட்டியல் வரை ஆறு வருஷம், கிட்டாரும் குரலுமாகத் தன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்.

தமிழிலும் ஆள் இல்லாமல் இல்லை. சென்னையில் கபேர் வாசுகி மாதிரி ஆட்கள் தாங்களே எழுதித் தாங்களே பாடுகிறார்கள். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' எந்தப் படத்திலும் இல்லை. எங்கள் ஊர் ஷேர் ஆட்டோவில் ஓடியது, கல்யாண வீட்டில் ஓடியது, எந்தப் படம் என்று யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் அந்தப் பாட்டின் பின்கதையையும் சேர்த்துப் படி. பாட்டு யாருடையது, எழுதியது யார், யார் பெயர் முன்னால் வர வேண்டும் என்று ஊரே பேசியது. அதிலிருந்து தங்களுக்கு வருமானம் வரவில்லை என்று 2024இல் அந்தப் பாட்டின் இசைத் தயாரிப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகவே சொன்னார். கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டுக்கு அந்த நிலைமை என்றால், குடத்துப் பாட்டுக்காரன் எழுத்தில் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டாமா?

ஆகவே நூல் கடை வைத்திருக்கும் இந்த மாமாவின் புத்தியில் தோன்றிய சில விஷயங்கள்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. எழுதிய வார்த்தையும் மெட்டும் ஒன்று. பதிவு செய்த ஒலி இன்னொன்று. நிலம் வேறு, அதில் கட்டிய வீடு வேறு என்கிற மாதிரி. சினிமாவில் வேலை செய்தால் பெரும்பாலும் இரண்டையும் எழுதிக்கொடுத்துவிட்டு வர வேண்டியிருக்கும். அதில் பாட்டாசிரியரும் இசையமைப்பாளரும் வெறுங்கையோடு போகக்கூடாது என்றுதான் 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ராயல்டியில் தங்கள் பங்கை எழுதிக்கொடுத்துவிட்டுப் போக இப்போது சட்டம் விடாது. தனியாகப் பாடுகிறவனுக்கு நிலமும் வீடும் அவனுடையதே. அதை முதல் வருஷத்திலேயே, யாரோ ஸ்டுடியோ செலவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றதும் எழுதிக்கொடுத்துவிடாதே. பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது, அதில் பதிந்துவை. உன்னோடு கூடப் பாடுகிறவன், வாசிக்கிறவன் இருந்தால் யாருக்கு எத்தனை பங்கு என்பதை ரெக்கார்டிங்குக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கு. சிநேகிதன்தானே என்று விட்டால் கடைசியில் பாட்டும் போகும், சிநேகிதனும் போவான்.

சரி, இந்த ஆறு மாசத்தில் பயல் என்ன செய்தான் என்று சொல்லிவிடுகிறேன். அதுதான் நிஜமான ஆரம்பம்.

பாட்டை யூடியூபில் ஏற்றினான். முதல் வாரம் 143 பேர் பார்த்தார்கள். அதில் நாற்பது தடவை நான்.

ஒரு பெரிய நகரத்துக் காபிக் கடையில் ஓப்பன் மைக் என்று கூப்பிட்டார்கள். போனான். பாடுகிறவன் தன் பங்குக்கு ஆள் கூட்டிவர வேண்டுமாம், வந்தவர்கள் ஆளுக்கு ஒரு காபி வாங்க வேண்டுமாம். இவனுக்கு அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? பத்து நிமிஷம் என்று சொன்னது நாலு நிமிஷம் ஆனது. பஸ் செலவு கையை விட்டுப் போனது. ஆனால் அங்கே ஒன்று நடந்தது. குடம், தண்ணி லாரி என்று பாடியதைக் கேட்டு ஒரு பெண், "எந்தப் படம்?" என்று கேட்கவில்லை, "இது எந்த ஊர்?" என்று கேட்டாளாம். பயல் அதை மட்டும் மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆவணியில் ஒரு கல்யாண வரவேற்புக்கு அரை மணி நேரம் கிடைத்தது. சினிமாப் பாட்டு எட்டு, சொந்தப் பாட்டு இரண்டு என்று பேரம். முதலில் முறைத்தான். நான்தான் சொன்னேன்: பாவலரே சினிமா மெட்டைத் தொட்டவர்தான், நீ யாருடா பெரிய இவன்? எட்டும் பாடினான். ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் சொந்தப் பாட்டை நைசாக உள்ளே தள்ளினான். கூட்டம் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்திருக்கவில்லை. கவர் கொடுத்தார்கள். அதில் முதல் காரியமாக இரண்டு செட் கம்பி வாங்கினான்.

புரட்டாசியில் பச்சைக் குடத்துக் கிழவி இறந்துபோனது.

பாட்டில் அது வரும் இடம் நாலே வரி. தன் முறை வந்தாலும் பிள்ளைக்காரிக்கு இடம் விட்டுக்கொடுத்துவிட்டு, கடைசியில் அரைக் குடம் மட்டும் பிடித்துக்கொண்டு போகும் என்று எழுதியிருந்தான். நிஜமும் அதுதான். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அந்த வீட்டு மகன் தேடி வந்தார். "தம்பி, எங்காத்தாவப் பத்தி ஒரு பாட்டுப் பாடுனியாமே. அத வந்து பாடணும்" என்றார். பயல் என்னைப் பார்த்தான். விசேஷ வீட்டில் கிட்டாரா என்று அவனுக்குக் கூச்சம். நான் போகச் சொன்னேன்.

பந்தலில் மைக் இருந்தது. அவன் அதைத் தள்ளிவைத்துவிட்டு, படம் மாட்டியிருந்த திண்ணையோரம் உட்கார்ந்து வெறும் குரலில் பாடினான். கிட்டாரை மெதுவாகத்தான் தொட்டான். கிழவி வரும் இடத்தில் அந்த வீட்டு மூத்த மகள் விசும்பி அழ ஆரம்பித்தார். சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டார்கள். ஒப்பாரிக்கு எப்படிச் சேர்வார்களோ அப்படித்தான் சேர்ந்தார்கள். பாடி முடித்ததும் ஒருத்தரும் கை தட்டவில்லை. அந்த மகன் வந்து, "இன்னொருவாட்டி பாடுப்பா" என்றார்.

பயலின் பாட்டுக்கு அன்றைக்குத்தான் வேலை கிடைத்தது.

அந்தப் பந்தலுக்கும் நம்ம ரேடியோ செட் அண்ணன்தான். கூட்டம் கலைந்தபின் பயலைக் கூப்பிட்டார். "அந்தப் பாட்ட பென் டிரைவ்ல போட்டுக் குடு தம்பி. ரெண்டு பேரு கேட்டாங்க" என்றார். லேப்டாப்பைத் திறந்தார். வரிசையாக ஃபோல்டர்கள். அம்மன், ஐயப்பன், கல்யாணம், காதுகுத்து, எம்.ஜி.ஆர். ஹிட்ஸ், ராஜா 80ஸ். சாவு வீட்டுக்கென்று தத்துவப் பாடல்கள்.

"இப்பச் சொல்லு, இதை எதுல போட? எந்தப் படம்னு அன்னைக்கே அதுக்குத்தான கேட்டேன்? படம் தெரிஞ்சா அந்த வரிசையில போடுவேன். நீ பாட்டுக்கு மூஞ்சியத் தூக்கிட்டுப் போயிட்ட."

ஆறு மாசமாக நாங்கள் மானப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தது அவருக்கு இடப் பிரச்சினை. பாட்டை ஒதுக்கியவர் அல்ல, வைக்க இடம் தெரியாமல் நின்றவர். சுந்தரர் பாட்டுக்குத் தலம் இடம் கொடுத்தது, பாஸ்கரதாஸ் பாட்டுக்கு நாடகம் கொடுத்தது, பாவலர் பாட்டுக்குக் கட்சி கொடுத்தது. பிறகு எல்லாப் பாட்டுக்கும் படம் கொடுத்தது. தனியாகக் கிளம்புகிறவனுக்கு அந்த இடத்தை யாரும் வெட்டி வைத்திருக்க மாட்டார்கள். பாட்டெழுதுவதோடு அதையும் அவன்தான் உண்டாக்க வேண்டும்.

அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டுப் புது ஃபோல்டர் ஒன்றைத் திறந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி 'சுழி தம்பி' என்று பெயர் போட்டார். உள்ளே ஒரே ஒரு பாட்டு.

வரும் வழியில் பயலுக்கு ஒரே கவலை. "எம் பேரு அவருக்குத் தெரியலயே மாமா. இன்னொருத்தர் காப்பி பண்ணுனா அந்த ஃபோல்டர் பேரும் போயிருமே." நான் பூமிநாதர் கோயில் பக்கம் கையைக் காட்டினேன். ஆரூரன் கதையைச் சொன்னேன். சிரித்தான். அடுத்த வாரம் பாட்டைத் திரும்பப் பதிவு செய்தான். கடைசி அடியில் எல்லாக் குடமும் நிறைந்து போனபின் ஒரு குடம் மிச்சம் நிற்கிறது. அது யாருடையது என்று கேட்டு, சுழியூரான் குடம் என்று முடிக்கிறான்.

போன வாரம் காரியாபட்டிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். புளியமரத்தில் கட்டியிருந்த கூம்புக் குழாயில் இரண்டு ராஜா பாட்டுக்கு நடுவில் குடத்துப் பாட்டு வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. பந்தியில் பக்கத்து இலைப் பெரியவர் ரசத்தை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"நல்லாருக்கே. எந்தப் படம்?"

"அவசரப்படாம கேளுங்கண்ணே. கடைசியில அவனே சொல்லுவான்" என்றேன்.